வித்தவுட் யார்?

2024 மே மாதம் நாங்குநேரியில் நடந்ததை நீங்களும் செல்பேசியில் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த அரசுப் பேருந்தில் சீருடையோடு ஒரு காவலர் ஏறுகிறார். நடத்துநர் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார். நான் அரசு ஊழியன், எதற்கு எடுக்க வேண்டும் என்று காவலர் மறுக்கிறார். வாக்குவாதம் முற்றுகிறது. யாரோ படம்பிடிக்கிறார்கள். வாரண்ட் இருந்தால் மட்டுமே காவலர்கள் கட்டணமின்றிப் போகலாம், மற்ற நேரங்களில் டிக்கெட் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் தந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பல ஊர்களில் போக்குவரத்துக் காவலர்கள் அரசுப் பேருந்துகளை மறித்து, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை, சீருடை சரியில்லை என்று அபராதம் எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு துறைகளின் செயலாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் அந்தக் காவலரும் நடத்துநரும் கைகுலுக்கிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காணொளி வந்தது. சுபம்.

அந்தக் காவலர் என்ன சாதி, நடத்துநர் என்ன சாதி என்று நான் தேடவில்லை. இந்தக் கட்டுரைக்கு அது தேவையும் இல்லை. என் கவலை வேறு. டிக்கெட் எடுக்காத ஒருவர் கையும் களவுமாக, படத்தோடு பிடிபட்டார். நான் படித்த செய்திகள் அதற்கு வைத்த பெயர் வாக்குவாதம், மோதல், இரு துறைகளுக்கு இடையிலான சிக்கல். ‘ஓசிப் பயணி’ என்றோ ‘வித்தவுட்’ என்றோ ஒரு தலைப்பையும் நான் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022 செப்டம்பரில், பேருந்தில் கட்டணமில்லாமல் போகும் பெண்களைப் பார்த்து அமைச்சர் பொன்முடி மேடையிலேயே ‘ஓசி’ என்று சொன்னார். சட்டப்படி, அரசாணைப்படி, அரசே கூப்பிட்டு ஏற்றிக்கொண்ட பெண்கள் ஓசி. ஆணையும் இல்லாமல் வாரண்டும் இல்லாமல் ஏறியவர் ‘ஒரு தரப்பு’.

‘வித்தவுட்’ என்பது நம் ரயில் தமிழின் சொல். டிக்கெட் இல்லாமல் வந்தான் என்பதை ‘வித்தவுட்ல வந்தான்’ என்போம். போகப்போக அது ஆளுக்கே பெயராகிவிட்டது: ‘அவன் வித்தவுட்’. இல்லாதது டிக்கெட்தான், ஆனால் சொல் ஒட்டிக்கொள்வது ஆளின் மேல். யார் மேல் அது சட்டென ஒட்டுகிறது, யார் மேல் எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டுவதில்லை என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

ஆய்வு வேலையாக நான் வாரத்தில் சில நாள் பாசஞ்சர் வண்டியில் போய்வருகிறேன். டிக்கெட் பரிசோதகர் ஒரு பெட்டியில் ஏறியதும் அவர் வாயில் வரும் வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சன்னலோரம் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், ‘சார், டிக்கெட்?’ அடுத்த வரிசையில் கல்லூரிப் பெண்ணிடம், ‘டிக்கெட் காட்டுங்கம்மா.’ கதவுப் பக்கம் கீழே குத்தவைத்திருப்பவரிடம், ‘ஏய், டிக்கெட் எங்க?’ மூன்றும் ஒரே நிமிடத்தில், ஒரே வாயிலிருந்து. தமிழில் மரியாதையை மறைக்கவே முடியாது, அது வினைமுற்றிலேயே இருக்கிறது. முதல் கேள்வியில் டிக்கெட் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. மூன்றாவதில் இருக்காது என்ற தீர்ப்பு.

ஒருமுறை, பீடிக் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவரிடம் இப்படித்தான் கேட்கப்பட்டது. ‘இருக்குய்யா, இந்தா எடுக்கேன்’ என்று சுருக்குப் பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, சில்லறை, பீடி அட்டை எல்லாம் வந்தன. டிக்கெட் மட்டும் வரவில்லை. ‘எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்லு. எதுக்கு தேடுத மாதிரி நடிக்க?’ பரிசோதகர் ரசீதுக் கருவியைக் கையில் எடுத்துவிட்டார். பெட்டியே அந்தப் பெண்ணைப் பார்த்தது. டிக்கெட் முந்தி முடிச்சில் இருந்தது, புளியங்கொட்டை அளவுக்கு மடித்து. பரிசோதகர் அதை வாங்கி, விரித்து, பார்த்து, திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான். சட்டப்படி எதுவும் நடக்கவில்லை. அபராதம் இல்லை, ரசீது இல்லை, புகார் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. அந்தப் பெண் மட்டும் அடுத்த மூன்று ஸ்டேஷன் வரைக்கும் யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார்: ‘நான் எடுக்காமலா ஏறுவேன்?’

அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, பரிசோதகருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சேலையின் வெளுப்பு, காலில் செருப்பு இல்லாதது, தோலின் நிறம், பேச்சின் இழுவை, கையில் இருக்கும் பையின் வகை இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணத்தில் ஒரு கணக்குப் போடப்படுகிறதே, அந்தக் கணக்கைப் போட நமக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பெயர் சாதி. நாம் எல்லோருமே அங்கே படித்தவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இதற்கு இரண்டு வேறு வேறு பிரிவுகள் இருக்கின்றன. பிரிவு 137, ரயில்வேயை ஏமாற்றும் நோக்கத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதற்கு நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், நீதிமன்றத்தில். பிரிவு 138 வேறு. அதில் நோக்கம் பற்றிய பேச்சே கிடையாது. உரிய டிக்கெட் இல்லையா, பயணக் கட்டணத்தோடு கூடுதலாக அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அது. கட்ட மறுத்தால் பரிசோதகரால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ரயில்வே ஊழியர் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், அவர் விசாரித்து உத்தரவிட வேண்டும். அதையும் கட்டத் தவறினால் 10 நாள் முதல் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

ஆக, டிக்கெட் இல்லாமல் இருப்பதும் திருட்டுத்தனமாகப் பயணம் செய்வதும் சட்டத்தின் கண்ணில் ஒன்று கிடையாது. வரிசை நீளம், கவுண்டரில் ஒரே ஆள், வண்டி வந்துவிட்டது, தவறான வண்டியில் ஏறிவிட்டேன், செல்பேசி அணைந்துவிட்டது என்று மனிதருக்கு நேரக்கூடிய நூறு சங்கடங்களைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள். டிக்கெட் எடுக்க முடியாமல் ஏறுபவர் முன்கூட்டியே சொல்லி, அதற்கென அதிகாரம் பெற்ற ஊழியரிடம் அனுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் கூடுதல் தொகை கிடையாது என்றுகூடப் பிரிவு 55உம் 138உம் சேர்ந்து சொல்கின்றன. இந்தச் சான்றைக் கேட்டு வாங்கிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? கேட்கலாம் என்று தெரிந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, தேவைப்படுபவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொரு சொல் 138இல் ஒளிந்திருக்கிறது: கேட்டவுடன். கேட்டவுடன் டிக்கெட்டைக் காட்டத் தவறினாலே பொறுப்பு வந்துவிடுகிறது. முந்தி முடிச்சை அவிழ்க்க எத்தனை விநாடி ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒருவருக்கு ‘பரவாயில்லை சார், மெதுவா எடுங்க’ என்றும் இன்னொருவருக்கு ‘நடிக்காத’ என்றும் அந்தச் சொல் இழுபடுகிறது. அதேபோல, எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் இருந்தால் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கட்டணம் கணக்கிடலாம். வழியில் ஏற்கெனவே சோதனை நடந்திருந்தால் சோதனை நடந்த இடத்திலிருந்து. செங்கோட்டையிலிருந்து வரும் வண்டியில் சேரன்மகாதேவியில் ஏறிய ஒருவர், ‘நான் சேர்மாதேவியில்தான் ஏறினேன்’ என்கிறார். நம்பினால் ஒரு தொகை, நம்பாவிட்டால் வேறு தொகை. சந்தேகம் யாருடையது? பரிசோதகருடையது. யார் மேல்? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சாதியோடு முடிச்சுப்போடுவது மிகை என்பவர்கள், நாங்குநேரிக் காவலர் ஏறிய அதே சாலைக்கு இரண்டரை வருடம் முன்பு போய்வரலாம். 2021 டிசம்பரில், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் திருநெல்வேலிக்குப் புறப்பட்ட அரசுப் பேருந்திலிருந்து நரிக்குறவர் குடும்பம் ஒன்று இறக்கிவிடப்பட்டது. உடைமைகள் வெளியே எறியப்பட்டன. அழும் குழந்தையின் காணொளி பரவியது, ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அதே குமரி மாவட்டத்தில், குளச்சல் அருகே, மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண் ஒருவர் நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டிருந்தார். அங்கே பிரச்சினை டிக்கெட்டா? பயணம் கட்டணமில்லாதது என்று அரசு அறிவித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில் நரிக்குறவர் குடும்பத்தினர் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். படத்துக்கு வயது வரம்பு உண்டு, குழந்தைகள் இருந்தார்கள் என்று திரையரங்கம் விளக்கம் தந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே குழந்தைகளோடு உள்ளே அனுப்பவும் செய்தது. ஒரே பேருந்துச் சாலையில் ஒருவர் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்தபடி வாதாட முடிகிறது. சிலருக்கு டிக்கெட் கையில் இருந்தாலும் வாசலைத் தாண்ட முடிவதில்லை.

நரிக்குறவர்களை ஊர் சந்தேகப்படுவதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. இடம்விட்டு இடம் போகிறவன் திருடன் என்பது பிரிட்டிஷ் அரசின் சட்டமாகவே இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தென்மாவட்டங்களில் ராதாரிச் சீட்டு என்றால் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். சட்டம் 1952இல் ஒழிந்தது. சீட்டைக் காட்டு என்று சிலரிடம் மட்டும் கையை நீட்டும் பழக்கம் ஒழியவில்லை.

டிக்கெட் சரியாக இருந்தாலும் சாதி மேலே வந்து உட்காரும் என்பதற்கு அம்பேத்கரைவிட வேறு சாட்சி வேண்டுமா? 1901இல், சிறுவனாக, வீட்டுப் பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதை அவர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் எழுதியிருக்கிறார். நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகள். டிக்கெட்டை நிலைய அதிகாரியிடம் கொடுத்தார்கள். அவரும் கனிவாகத்தான் விசாரித்தார், பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்து. மகர் என்று தெரிந்ததும் பின்வாங்கினார். பயணச் சீட்டில் ஒரு குறையும் இல்லை. ரயில்வேக்கு வரவேண்டிய காசு ஒரு பைசா மிச்சமில்லாமல் வந்துவிட்டது. பிறகும் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. காந்தியைத் தள்ளிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நமக்கு மனப்பாடம். மசூர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேயும் அப்படித்தான். சேரன்மகாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று 1920களில் எழுந்த சண்டையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தத் தனிப்பந்தி ரயில் நிலையங்களிலும் இருந்தது என்பதைப் பேசுவது குறைவு. தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம். பெரியாரின் இயக்கம் விடாமல் எதிர்த்து, 1941இல்தான் அது ஒழிந்தது. டிக்கெட் விலை மட்டும் எல்லா சாதிக்கும் ஒன்றாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். வசூலில் சமத்துவம் முதல் நாளே வந்துவிட்டது.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது நடந்ததைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. திருநெல்வேலியில் அதுவரை ஓடியது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். கட்டபொம்மன் பேருந்தில் கூச்சமில்லாமல் ஏறி இறங்கியவர்களுக்கு, அவருடைய தளபதியின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறக் கால் வரவில்லை. கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. தகராறு செய்தவனையும் தகராறுக்கு ஆளானவனையும் ஒரே தட்டில் வைத்து ‘சமாதானம்’ செய்யும் இந்த வித்தையை 2024இன் கட்டிப்பிடி காணொளியிலும் நான் பார்த்தேன். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பேருந்தில் தேர்வெழுதப் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வண்டியை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். தாமிரபரணிக் கரையில் வண்டியின் இருக்கை எப்போதுமே வெறும் இருக்கையாக இருந்ததில்லை. அதில் யார் உட்காரலாம் என்ற கேள்வி வெட்டரிவாளாகவும் வரும், ‘ஏய், டிக்கெட் எங்க?’ என்றும் வரும். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது அந்தப் பையனுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் இரண்டாவதைச் சகித்துப் பழகிய கண்கள்தான் முதலாவதை ஓரமாக உட்கார்ந்து பார்க்கின்றன.

‘எல்லாம் சரி, டிக்கெட் எடுக்காமல் வருவது தப்புதானே? ரயில்வேக்கு நட்டம்தானே?’ என்ற கேள்வி வரும். வரட்டும். தப்புதான். நான் டிக்கெட் எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நட்டக் கணக்கு பேசுவதானால் முழுசாகப் பேச வேண்டும். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளுக்கு ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயரை மாற்றி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக்கியது ரயில்வே. அதே தண்டவாளம், அதே பெட்டி, அதே நிறுத்தம், அதே தாமதம். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து அம்பைக்கும் குரும்பூரிலிருந்து நாசரேத்துக்கும் போன கூலிக்காரர்களிடம் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக வாங்கிய அந்த 20 ரூபாய்க்கு என்ன பிரிவு? மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் வரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் முன்னாள் உறுப்பினர்களுக்கும் ஏசி பெட்டியில் கட்டணமில்லாப் பயணம் தொடர்கிறது. அதற்குப் பெயர் ‘பாஸ்’. மேலே இருப்பவர்கள் காசு கொடுக்காமல் போவதற்கு அகராதியில் எத்தனை நல்ல சொற்கள் பாருங்கள்: பாஸ், வாரண்ட், சலுகை, மரியாதை. கீழே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்.

20 ரூபாய் என்றதும் ஞாபகம் வருகிறது. 1999 டிசம்பரில் மதுரா கன்டோன்மென்ட் நிலையத்தில் வழக்கறிஞர் ஒருவர் மொராதாபாத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். 70 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 90 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: 20 ரூபாயை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், 15,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். நூறு தடவைக்கு மேல் வாய்தா, 22 வருடம். அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் சட்டம் படித்தவர், தன் வழக்கைத் தானே நடத்த முடிந்தவர், கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் தப்புச் செய்தார் என்பது டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்த வழக்கு, அதற்கே 22 வருடம். பீடி சுற்றும் ஆச்சி எந்த மன்றத்துக்குப் போவார்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. 250 ரூபாயைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போவதுதான் அவருக்கு மலிவு என்பதை அவரும் அறிவார், ரசீது எழுதுபவரும் அறிவார்.

2023 மார்ச்சில், 1 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் வசூலித்த தெற்கு ரயில்வேயின் பெண் டிக்கெட் ஆய்வாளர் ஒருவரை ரயில்வே அமைச்சகமே படம் வெளியிட்டுப் பாராட்டியது. அவர் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, தன் வேலையைச் செய்தார். கோட்டங்கள் தோறும் வசூல் தொகையைச் செய்திக்குறிப்பாக வெளியிடுவதும் வழக்கம்தான். அந்தக் கோடிகளில் தவறாக வாங்கியது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு வரியாவது அந்தக் குறிப்புகளில் நான் பார்த்ததில்லை. ரசீதில் தொகை இருக்கும். இருபது பேரைத் தாண்டி வந்து ஓர் ஆளிடம் நின்றது அதில் இருக்காது.

இதுவரை தலையாட்டிக்கொண்டே படித்த தோழர்களிடம் ஒரு கேள்வி. முன்பதிவுப் பெட்டியில் வட இந்தியத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்கும் காணொளிகளை ‘வித்தவுட் வடக்கன்’ என்று பகிர்ந்தவர்களில் நம் ஆட்கள் இல்லையா? என் நண்பர் வட்டத்தில் இருக்கிறார்கள். கறுப்புச் சட்டை போட்டவர்கள், நீலத் துண்டு போட்டவர்கள், எல்லா நியாயமும் பேசுகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டைக் கவுண்டரில் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. பொதுப்பெட்டி டிக்கெட் எடுத்து, அங்கே கால்வைக்க இடமில்லாமல் அடுத்த பெட்டிக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் முன்பதிவுப் பெட்டியில் நிற்பது விதிமீறல், சரி. காசு கொடுக்காத திருடர்கள் என்பது பொய். நீண்ட தூர வண்டிகள் பலவற்றில் இரண்டே பொதுப்பெட்டிகளை மாட்டிவிட்டு இந்தச் சண்டையை மூட்டிவிட்டது யார்? நெல்லைக்கு 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது என்பதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? அந்தத் தொழிலாளர்களில் பெரும்பங்கு தலித்துகளும் பழங்குடிகளும் பிற்படுத்தப்பட்ட சாதியினரும் சிறுபான்மையினரும்தான். நிறத்தையும் துணியையும் மூட்டையையும் பார்த்து டிக்கெட் இருக்காது என்று முடிவுகட்டும் கண்ணை மொழிப்பற்று என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது. நெல்லைப் பெண்ணிடம் அந்தக் கண் தவறு என்றால் பீகார்ப் பையனிடமும் தவறுதான்.

சட்டத்தில் இதற்கு மருந்து இருக்கிறதா? பாதிதான் இருக்கிறது. ரயில்வே சட்டம் வந்த அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. பொதுப் போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, வேண்டுமென்றே இழிவுபடுத்துவது எல்லாம் அதன்படி குற்றம். ஓடும் ரயில் பெட்டியைவிடப் பொதுமக்கள் பார்க்கும் இடம் வேறு எது? ஆனால் அங்கே யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. ‘ஏய்’ போதும். ‘ஏய்’ மேல் எந்தப் பிரிவிலும் வழக்குப் போட முடியாது. அதனால்தான் வழக்குக்கு முந்தைய இடத்தில், பெட்டிக்குள்ளேயே, சண்டை நடக்க வேண்டும் என்கிறேன்.

பக்கத்தில் ஒருவர் இப்படி மாட்டும்போது காணொளி எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவை இருக்கின்றன. எழுந்து நின்று, ‘சார், அவங்க தேடிக்கட்டும், நேரம் குடுங்க’ என்று சொல்லலாம். ‘அவங்க’ என்று அழுத்திச் சொல்லுங்கள், அதிகாரி ‘நீ’ என்றதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது. எந்தப் பிரிவில் எழுதுகிறீர்கள், 137ஆ, 138ஆ என்று கேட்கலாம். பணம் கட்டினால் ரசீது வாங்காமல் விடக் கூடாது. எங்கே ஏறினார் என்பதில் தகராறு என்றால், கூட ஏறியவர்கள் சாட்சி சொல்லலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை. துணைக்கு ஆண் இல்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்கிறது பிரிவு 139. (ரயில்வேயின் உதவி எண்ணும் 139தான். அந்த எண்ணை எல்லாப் பெட்டியிலும் ஒட்டுகிறார்கள், இந்தப் பிரிவை எங்கும் ஒட்டுவதில்லை.) ஆள் இறங்கிப் போன பிறகு புகார் கொடுப்பது பெரும்பாலும் வீண், அவர் பெயரும் உங்களுக்குத் தெரியாது, டிக்கெட்டும் அவரோடு போய்விடும். கொடுப்பதானால் அவரைக் கேட்டு, அவர் பெயரில், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணமான 10 ரூபாய்தான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கும் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மதுரைக் கோட்டத்துக்கு நான் அனுப்பப்போகும் கேள்விகள் இவை, நீங்களும் உங்கள் கோட்டத்துக்கு அனுப்புங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் பிரிவு 138இல் எழுதிய ரசீதுகள் எத்தனை, 137இல் நீதிமன்றம் போன வழக்குகள் எத்தனை? அவற்றில் முன்பதிவில்லாப் பெட்டிகளில் எத்தனை, ஏசி பெட்டிகளில் எத்தனை? தவறாக வசூலித்ததாக வந்த புகார்கள் எத்தனை, பணம் திரும்பக் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? பிரிவு 55இன்கீழ் கொடுத்த அனுமதிச் சான்றுகள் எத்தனை, எந்தெந்த நிலையங்களில்? பயணியை எப்படி விளித்துப் பேச வேண்டும் என்று பரிசோதகர்களுக்கு எழுத்தில் ஏதாவது உத்தரவு இருக்கிறதா, இருந்தால் அதன் தமிழ் நகல்.